பெயர் மாறியது, கடிதம் மாறவில்லை

தமிழ்நாட்டில் 2017இல் பழைய ரேஷன் கார்டுகளுக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள். சட்டைப் பைக்குள் அடங்கும் அட்டை. அதில் குடும்பத் தலைவரின் படம், தமிழில் பெயர், முகவரி, ஒரு கியூஆர் குறியீடு. கூடவே ஆங்கிலத்தில் சில எழுத்துகள். பி.எச்.எச்., பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய்., என்.பி.எச்.எச்., என்.பி.எச்.எச்.-எஸ்., என்.பி.எச்.எச்.-என்.சி. என்று ஐந்து வகை. வீட்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டா, அரிசிக்குப் பதில் சர்க்கரைதானா, எந்தப் பொருளுமே கிடையாதா என்பதை இந்த எழுத்துகள்தான் முடிவு செய்கின்றன. அட்டையில் இருப்பவற்றிலேயே அந்தக் குடும்பத்துக்கு மிக முக்கியமான தகவல் இதுதான். அது மட்டும் அவர்களுக்குப் புரியாத சுருக்கெழுத்தாக நிற்கிறது. “உங்க கார்டு என்.சி. கார்டும்மா, அரிசி வராது” என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் பலருக்கும் அப்படி ஒரு வகை இருப்பதே தெரிகிறது.

யாரும் திட்டமிட்டு மறைத்ததல்ல இது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டிய வகைப்பாடு கோப்பில் எப்படி இருந்ததோ, அப்படியே அட்டைக்கு வந்துவிட்டது. அரிசி கார்டு, சர்க்கரை கார்டு என்று மக்களிடம் தெளிவான பெயர்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றை அச்சிட்டிருந்தாலே போதும்.

இவ்வளவுக்கும், மனிதர்களை எப்படி அழைப்பது என்று தமிழ்நாட்டு அரசு யோசித்த அளவுக்கு இந்தியாவில் வேறு மாநிலங்கள் யோசித்திருக்குமா என்பது சந்தேகமே. வசைச் சொற்களால் குறிக்கப்பட்டுவந்தவர்கள் மு.கருணாநிதியின் ஆட்சிக் காலத்தில் ‘திருநங்கை’ ஆனார்கள். அவர்களுக்கென்று 2008 ஏப்ரல் 15இல் தனி நல வாரியமும் அமைந்தது. அடுத்து ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் போய், 2010இல் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித் துறையே வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் விடுதிகளெல்லாம் 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதி’களாயின. இந்த மாற்றங்களை வெறும் பெயர்ப் பலகை வேலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்தச் சொற்களால் ஒருநாளும் அழைக்கப்படாதவர்களுக்கு அப்படித் தோன்றலாம்.

‘காலனி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பெருநகரத்தில் அது அதிகாரிகளின் குடியிருப்பாகவும் இருக்கும். கிராமத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில், வேலை விண்ணப்பத்தில், வங்கிக் கணக்கில் என்று முகவரி எழுதும் இடத்திலெல்லாம் ஒருவர் தன் சாதியையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேரளத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலத் துறை அமைச்சராக இருந்த கே.ராதாகிருஷ்ணன், மக்களவைக்குத் தேர்வாகிப் பதவி விலகுவதற்கு முன்பு 2024 ஜூனில் இட்ட ஆணை இந்தச் சொல்லை நீக்குவதற்கானது. தமிழ்நாட்டில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஒரு மாணவி தன் ஊரின் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிகிறது என்றால், அது சிறிய மாற்றமில்லை.

சாதிப் பட்டியலில் ‘ன்’ விகுதியோடு முடியும் பெயர்களை ‘ர்’ விகுதிக்கு மாற்ற வேண்டும் என்று அதே ஆண்டு பிரதமருக்கும் கடிதம் எழுதப்பட்டது. பட்டியலைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். ஆனால், கிராம நிர்வாக அலுவலகத்தின் வாசலில் நிற்கும் 60 வயதுக்காரரை, அவருடைய மகன் வயதில் இருக்கும் ஒருவர் “என்னா வேணும் உனக்கு?” என்று கேட்பதை நிறுத்த எந்தத் திருத்தமும் தேவையில்லை. அதே வரிசையில் பின்னால் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரர் வந்ததும் “வாங்கண்ணே, உட்காருங்க” என்று குரல் மாறுகிறது. ஒருமையும் பன்மையும் தமிழில் மரியாதையின் அளவுகோல். யாருக்கு ‘நீ’, யாருக்கு ‘நீங்க’ என்பதை உடை, நிறம், தெரு, பேச்சு ஆகியவற்றை வைத்து நொடியில் முடிவெடுக்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை வீட்டிலும் தெருவிலும் மாற்ற நாளாகும். அரசுச் சம்பளம் வாங்கும் மேசையில் அதற்கு இடமே இருக்கக் கூடாது.

கேரள உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் இதை நேரடியாகவே கையில் எடுத்தது. பொதுமக்களைக் காவல் துறையினர் ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று அழைப்பதை ஏற்க முடியாது என்று கூறி, சுற்றறிக்கை அனுப்பும்படி காவல் துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. சில நாட்களில் சுற்றறிக்கையும் வந்தது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் செய்யப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7இல் தொடங்கி அடுத்தடுத்து இட்ட உத்தரவுகளின் விளைவு அது. எல்லாக் குடிமக்களுக்கும், எல்லா அரசு அலுவலகங்களுக்கும் ‘நீங்கள்’ என்ற ஒரே விதி ஏன் எழுதப்படவில்லை?

அந்த வழக்கில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. எந்தச் சொல்லை ஊடகமும் அரசும் பயன்படுத்துவது என்று ஒரு சொற்பட்டியல் தயாரிக்கச் சொன்னது நீதிமன்றம். சம்பந்தப்பட்ட சமூகத்தினரின் பங்களிப்போடு உருவான பட்டியல் 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியானது. அழைக்கப்படுகிறவரைக் கேட்டு அழைப்பது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய முறை. ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைக்கூட எல்லோரும் ஒரே மாதிரி ஏற்கவில்லை. குறைபாட்டுக்குப் பூச்சூட்டி, அதனால் வரும் தடைகளை மறைக்கிறது என்று விமர்சிக்கும் உரிமைச் செயற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். 2015இல் பிரதமர் முன்வைத்த ‘திவ்யாங்’ என்ற சொல்லுக்கும் இதே எதிர்ப்பு வந்தது. அழைக்கப்படுகிறவர்களோடு பேசிக்கொண்டே இருப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

இப்படிப் பெயர்களில் இவ்வளவு தூரம் வந்த அரசு, படிவத்திலும் கடிதத்திலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கணவரை இழந்த ஏழைப் பெண் உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் இன்றும் ‘ஆதரவற்ற விதவைச் சான்று’ வாங்க வேண்டும். கணவரைப் பிரிந்து வாழ்பவர் ‘கணவரால் கைவிடப்பட்டவர்’ என்ற சான்றைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பல ஆண்டுகள் தனியாக உழைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண், தன்னை யாரோ கைவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஓய்வூதியத்துக்கு வழி. திட்டத்துக்குத் தேவையான தகவல் இரண்டே: அவர் தனியாக வாழ்கிறார், அவருக்குப் போதிய வருமானம் இல்லை. அதைக் கேட்க ‘தனித்து வாழும் மகளிர்’ என்ற எளிய தலைப்பு போதும். 2022இல் அமைந்த நல வாரியத்தின் பெயரிலேயே கைம்பெண்கள் என்ற சொல் வந்துவிட்டது. அதே பெண்கள் கேட்டு வாங்கும் சான்றின் தலைப்பில் பழைய சொல் அப்படியே இருக்கிறது.

‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டமும் இந்த வகைதான். வயது வந்த ஒரு பெண் யாருடைய மகள் அல்லது யாருடைய மனைவி என்று சொல்லாமல் நூலக அட்டைகூட வாங்க முடியாதபடி படிவங்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றிய அரசின் சில துறைகள் இதில் முன்னே போய்விட்டன. பாஸ்போர்ட்டுக்குத் தாய் அல்லது தந்தை, ஒருவரின் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி தளர்ந்தது. தாய் தனியாக வளர்த்த பிள்ளை என்றால் பான் அட்டைக்குத் தந்தை பெயர் கட்டாயமில்லை என்று 2018 டிசம்பரில் மாற்றினார்கள். உள்ளாட்சி அலுவலகப் படிவங்களுக்கு இந்தக் காற்று இன்னும் எட்டவில்லை.

கடிதத்துக்கு வருவோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவுக்குச் சில வாரங்கள் கழித்து ஒரு பதில் வருகிறது. கீழே இருப்பது எந்தக் குறிப்பிட்ட அலுவலகத்தின் கடிதமும் அல்ல. அரசுக் கடிதங்களைப் படித்துப் பழகியவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் நடையில் அமைத்த ஒரு மாதிரி:

“பார்வை 1இல் காணும் தங்களது மனுவின் மீது பார்வை 2இல் காணும் வட்டாட்சியரின் அறிக்கையினைப் பரிசீலனை செய்ததில், மனுவில் கோரப்பட்டுள்ள இனமானது நடைமுறையில் உள்ள விதிகளின்படி ஏற்புடையதாக இல்லாத காரணத்தினால் தங்களது கோரிக்கையினை ஏற்க இயலாத நிலை உள்ளது என்ற விவரம் இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது.”

எல்லாம் தமிழ்ச் சொற்கள்தான். இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால், மறுத்தது யார்? எந்த விதி? அந்த விதியில் எது குறைகிறது? இனி என்ன செய்யலாம்? யாரிடம், எந்தத் தேதிக்குள் போகலாம்? கடிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டிய ஐந்துமே அதில் இல்லை. கடிதத்தின் மேலே ‘ந.க. எண்’ என்று ஒன்று இருக்கும். நடப்புக் கணக்கு எண் என்பதன் சுருக்கம் அது. அடுத்த முறை அலுவலகத்துக்குப் போனால் கோப்பைத் தேட அந்த எண்தான் வேண்டும். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் கையோடு கொண்டுபோவது பழைய மனுவின் நகலை.

அதே முடிவை இப்படியும் எழுதலாம்: “உங்கள் பெயருக்குப் பட்டா மாற்றித் தரும்படி நீங்கள் கொடுத்த மனுவை இப்போது ஏற்க முடியவில்லை. உங்களுக்கு நிலத்தை விற்றவரின் பெயர் வருவாய்ப் பதிவேட்டில் இல்லை. அவருடைய தந்தையின் பெயர்தான் இருக்கிறது. தந்தையின் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கொண்டுவந்து கொடுத்தால் மறுபடியும் பரிசீலிப்போம். இந்த முடிவு தவறு என்று நினைத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கடைசி நாள் கீழே உள்ளது. வரும்போது மேலே உள்ள ந.க. எண்ணைச் சொன்னால் உங்கள் கோப்பை எடுத்துவிடுவோம்.” பட்டா, வாரிசு, தாலுகா, ஜமாபந்தி எல்லாம் வேற்றுமொழியிலிருந்து வந்தவைதானே என்று யாராவது தூய்மை பேசலாம். அவை ஊரார் வாயில் பல தலைமுறையாகப் புழங்கி மக்களுக்குச் சொந்தமாகிவிட்டன. அந்தச் சொற்களால் யாரும் தடுமாறுவதில்லை. ‘கோரப்பட்டுள்ள இனமானது’தான் தடுக்கி விழவைக்கிறது.

விழுகிறவருக்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு அலுவலகத்துக்கு ஒரு நடை என்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. பேருந்துக் கட்டணம் தனி. கடிதம் புரியாமல் போகும் ஒவ்வொரு நடையும் அவர் கையிலிருந்துதான் போகிறது. அடுத்து, அலுவலக வாசலில் ஒருவர் நிற்பார். “கொண்டா, என்ன எழுதியிருக்கான்னு பார்ப்போம்” என்று வாங்கிப் படித்து, என்ன குறை என்று சொல்லிவிடுவார். அதற்கு ஒரு தொகை. வேலையை முடித்துத் தர இன்னொரு தொகை. தாலுகா அலுவலகத்தைச் சுற்றி இடைத்தரகர்கள் ஏன் பெருகுகிறார்கள் என்று விவாதிக்கும்போது லஞ்சத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவர்கள் விற்பது பெரும்பாலும் ஒரு விளக்கத்தை. அந்த விளக்கத்தை அலுவலகமே கடிதத்தில் இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டால் தரகரின் வருமானத்தில் ஒரு பகுதி அன்றைக்கே நின்றுவிடும்.

எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்கள் தேர்வாகியிருந்தார்கள். பெயரில் ‘உதவி’ என்று இல்லாமல் ‘உரிமை’ என்று இருந்ததன் பலன் வரிசைகளில் தெரிந்தது. உதவி கிடைக்காதவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். உரிமை கிடைக்காதவர் ஏன் என்று கேட்பார். பெயரோடு நிற்காமல், விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்கு அதன் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றும் அறிவித்தார்கள். குறுஞ்செய்தியின் பொருள் புரியாமல் அலுவலகங்களில் கூட்டம் முட்டிய இடங்களும் உண்டு. ஆனாலும் காரணம், காலக்கெடு, போக வேண்டிய இடம் மூன்றும் மக்கள் கைக்கு வந்துவிட்டன. மேல்முறையீடுகளுக்குப் பிறகு அந்த ஆண்டு நவம்பரில் மேலும் 7.35 லட்சம் பெண்கள் திட்டத்துக்குள் வந்தார்கள். வெறுமனே ‘தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டது’ என்று முடித்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள்?

மக்களின் வாசலுக்குப் போய் விளக்கும் ஆற்றல் அரசுக்கு இல்லாமலும் இல்லை. 2025 ஜூலை 15 அன்று தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களுக்கு முன்பு தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், எந்த முகாமில் என்ன சேவை, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கையேடு கொடுத்துச் சொன்னார்கள். நகரத்தில் 43 சேவைகள், கிராமத்தில் 46. முகாமுக்கு அழைக்கும்போது பேச முடிந்த மொழியில், மனுவை மறுக்கும்போதும் பேச முடியாதா? தேர்தல் நெருங்கும் காலத்து உற்சாகம் என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், அரசின் வழக்கமான கடிதத்தில் இந்த மொழி குடியேறும்போதுதான் அந்தப் பேச்சு ஓயும்.

தடை எங்கே இருக்கிறது? மாநில ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. கோப்பில் தமிழ் ஏற வேண்டும் என்பதற்காக ஒரு தலைமுறையே போராடியிருக்கிறது. அந்த வெற்றி பெரியது. ஆங்கிலத்தில் ‘நான்’, ‘நீ’ எதுவும் இல்லாமல் எழுதிப் பழகிய அலுவலகக் குறிப்பு, சொல்லுக்குச் சொல் தமிழானபோது ‘படுகிறது’, ‘பட்டுள்ளது’ என்று செய்தவர் இல்லாத வாக்கியமாக வந்து உட்கார்ந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் இளநிலை உதவியாளர் பழைய கோப்பைப் பார்த்துத்தான் கடிதம் எழுதக் கற்கிறார். நன்றாகத் தமிழ் எழுதத் தெரிந்த இளைஞரும் ஆறே மாதத்தில் ‘என்ற விவரம் இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது’ என்று முடிக்கப் பழகிவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. தணிக்கை வரும், நீதிமன்றத்துக்குப் போனால் தன் கடிதத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் அவருக்கு. ‘நான் மறுத்தேன்’ என்பதைவிட ‘ஏற்க இயலாத நிலை உள்ளது’ பாதுகாப்பு.

சட்டத் துல்லியம் கெட்டுவிடும் என்பது அதிகாரிகள் சொல்லும் அடுத்த வாதம். ஆணையில் பிரிவு எண்ணும் விதி எண்ணும் இருக்கட்டும். அதோடு, மனுதாரருக்குப் போகும் அரைப் பக்கக் கடிதம் தனியாக இருக்கட்டும். இரண்டுக்கும் முரண் வரத் தேவையில்லை. சட்டமே அதைத்தான் கேட்கிறது. ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் பிரிவு 4(1)(ஈ). யாரும் விண்ணப்பிக்காமலேயே அரசு அலுவலகம் செய்ய வேண்டிய கடமைகளில் அது ஒன்று. அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு, எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க உதவுவது தகவல் அலுவலரின் பொறுப்பு என்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது கூறு உறுதி தருகிறது. மனு கொடுக்கும் மொழிக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கையில், பதில் வரும் மொழியை மட்டும் விட்டுவிட்டோம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.09%, பெண்களில் 73.44%. நான்கில் ஒரு பெண்ணுக்கு எந்த நடையில் எழுதினாலும் கடிதத்தைப் படிக்க முடியாது. அவருக்குப் பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ படித்துக் காட்டுவார்கள். வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் புரிகிற வாக்கியம் வேண்டும் என்பது இதனால்தான். பார்வையற்றவர்கள் திரை வாசிப்பான் மென்பொருள் வழியே அரசு அறிவிப்பைக் கேட்க நினைத்தால் வேறொரு சுவர் எழுகிறது. ஒருங்குறியை ஏற்று 2010இலேயே அரசாணை வந்துவிட்டது. இன்னமும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அல்லது அச்செடுத்த தாளை ஸ்கேன் செய்து படமாக இணையத்தில் ஏற்றுகிறார்கள். படத்தை அந்த மென்பொருளால் நேரடியாக வாசிக்க முடியாது. பழைய எழுத்துருவை வாசித்தால் பொருளற்ற ஒலிகள்தான் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறிவிப்பே இப்படி ஏறும்போது அது யாருக்காக வெளியிடப்படுகிறது? இணையவழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் கூறிவிட்டது.

வெளிநாடுகளில் இதற்கு இயக்கமே நடந்திருக்கிறது. லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 1979இல் கிறிஸ்ஸி மாஹர் என்ற பெண்மணி, புரியாத அரசுப் படிவங்களைப் பொது இடத்தில் கிழித்துப்போட்டு எளிய ஆங்கில இயக்கத்தைத் தொடங்கினார். பதின்ம வயதின் நடுவில்தான் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். எளிய எழுத்தை அமெரிக்கா 2010இலும் நியூஸிலாந்து 2022இலும் சட்டமாக்கின. 2023இல் அதற்குப் பன்னாட்டுத் தரநிர்ணயமும் வந்தது. படிக்கிறவர் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க, புரிந்துகொள்ள, பயன்படுத்த முடிகிறதா என்பதுதான் அதன் சாரம்.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. தமிழ் வளர்ச்சித் துறை அரசு அலுவலகங்களில் ஆட்சிமொழி ஆய்வு நடத்துகிறது. கோப்புகள் தமிழில் இருக்கின்றனவா, கையெழுத்து தமிழில் இருக்கிறதா, முத்திரைகள் தமிழில் உள்ளனவா என்று பார்க்கிறார்கள். நன்றாகச் செய்த அலுவலகத்துக்குக் கேடயமும் உண்டு. அந்த ஆய்வில் ஒன்றைச் சேர்க்கலாம். அலுவலகம் மக்களுக்கு அனுப்பிய கடிதங்களில் பத்தை, பெயரை மறைத்து, வெளியே வரிசையில் நிற்பவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். “இதைப் பார்த்தால் நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாத கடிதங்களை அந்த அலுவலகம் ஒரு மாதத்துக்குள் மாற்றி எழுத வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் பட்டா, சான்றிதழ், ஓய்வூதியம் பற்றிய பதில்கள் பெரும்பாலும் ஒன்றேபோல இருப்பவைதாம். நல்ல மாதிரிகள் ஒரு ஐம்பதை ஒருமுறை எழுதிக் கணினியில் ஏற்றிவிட்டால் இளநிலை உதவியாளருக்கும் வேலை குறையும்.

மக்களின் பக்கமும் ஒன்று மாற வேண்டும். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் விண்ணப்பம் எழுதப் பழகும்போதே ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று நம் பிள்ளைகள் கற்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று தகவல் சொல்வதற்கு எதற்குப் பணிவு? ‘தாழ்மையாக’ விண்ணப்பிக்கிறேன் என்று எழுதத் தேவையில்லை. ‘விண்ணப்பிக்கிறேன்’ போதும் என்று கேரள அரசு 2022 ஜனவரியில் எல்லா அலுவலகங்களுக்கும் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் கிராம ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டிருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ வேண்டாம். அலுவலரைப் பெயர் சொல்லியோ பதவியைச் சொல்லியோ அழைக்கலாம். மனுவில் கெஞ்ச வேண்டாம், உரிமையாகக் கேட்கலாம். அப்படி அழைத்ததற்காக யாராவது சேவையை மறுத்தால் தலைவரிடமோ செயலரிடமோ புகார் செய்யலாம் என்று எழுதி அலுவலகத்திலேயே ஒட்டினார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடில்லாமல் உறுப்பினர்கள் அதை ஏற்றார்கள். மாநில அரசின் ஆணைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அங்கே கிராம சபை கூடுகிறது. குடிநீர், சாலைத் தீர்மானங்களோடு இதையும் ஒரு பொருளாக வைக்கலாம்: அலுவலகத்துக்கு வரும் எல்லோருக்கும் உட்கார நாற்காலி, எல்லோருக்கும் ‘நீங்கள்’, மனு கொடுத்த அன்றே அதன் எண்ணை எழுதிய சீட்டு, மறுத்தால் காரணமும் மேல்முறையீட்டுக்கான இடமும் தேதியும் உள்ள கடிதம். எழுதத் தெரியாதவர் சொன்னால் ஊராட்சிச் செயலர் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும்.